கரடி உள்ள மலையில் நடப்பது எப்படி

காஞ்சிபுரத்தை அடுத்த நம் ஐயங்கார்குளத்தில் கரடி இல்லை. உத்திரமேரூர்ப் பக்கமும் இல்லை. நம் ஊருக்கும் கரடிக்கும் உள்ள உறவு, அனுமன் குடிகொண்ட சஞ்சீவிராயர் கோயிலோடு முடிந்துவிடுகிறது. இராமாயணத்தில், மூலிகை மலை எங்கே இருக்கிறது, போய் எடுத்து வா என்று அனுமனுக்கு வழி சொன்னவர் கரடிகளின் அரசரான சாம்பவான். சித்ரா பௌர்ணமிக்குக் காஞ்சி வரதர் எழுந்தருளும்போது நடவாவிக் கிணற்றடியில் கூடும் கூட்டத்தில் விசாரித்துப் பாருங்கள். காட்டில் கரடியை நேருக்கு நேர் பார்த்தவர் அபூர்வம்.

ஆனாலும் இந்த நூலில் கரடிக்கென்று ஓர் அத்தியாயம் வேண்டியிருக்கிறது. நாம் ஊரோடு இருந்துவிடுவதில்லை. புரட்டாசி பிறந்தால் மஞ்சள் துணி கட்டிக்கொண்டு திருத்தணி, புத்தூர் வழியாகத் திருமலைக்கு நடக்கிறோம். கோடையில் நாலு குடும்பம் சேர்ந்து வேன் பிடித்து ஜவ்வாது மலைக்குப் போகிறோம். பிள்ளைகள் கல்லூரிச் சுற்றுலாவில் குன்னூர், கோத்தகிரி என்று போய் வருகிறார்கள். திருமலையைச் சுற்றியுள்ள சேஷாசலக் காடு, ஜவ்வாது, நீலகிரி மூன்றுமே கரடி வாழும் இடங்கள். சமவெளிக்காரர்களான நமக்கு அந்தப் பழக்கம் இல்லை என்பதுதான் நம்முடைய ஆபத்து. மலையில் பிறந்தவர் வளைவில் நின்று ஒரு கனைப்புக் கனைத்துவிட்டுத்தான் திரும்புவார். நாம் காதில் பாட்டைச் செருகிக்கொண்டு திரும்புகிறோம்.

ஆனால் அந்த அறிவு நமக்கு அந்நியமும் இல்லை. இருட்டில் வரப்பில் நடக்கும்போது காலைத் தட்டித் தட்டித்தானே நடக்கிறோம்? பாம்பை அடிப்பதற்காக அப்படி நடப்பதில்லை. நாம் வருவது அதற்குத் தெரியட்டும், விலகிப் போகட்டும் என்பதற்காக. கரடிக்கும் அதே வழிதான். காலுக்குப் பதில் வாய்.

எந்தக் கரடி என்று முதலில் தெரியவேண்டும்

நம் மலைகளில் இருப்பது தேன்கரடி. சடைசடையாகத் தொங்கும் கறுப்பு முடி, நீண்டு வெளுத்த மூஞ்சி, மார்பில் வெள்ளையாக ஒரு வளைவு. ஆண் கரடி 80 முதல் 140 கிலோ வரை இருக்கும். முன்னங்கால் நகம் 4 அங்குலம் வரை வளரும். அந்த நகம் கரையான் புற்றை உடைப்பதற்காக அமைந்தது. சிமெண்ட் போல இறுகிக் கிடக்கும் புற்றைச் சில நிமிடங்களில் தோண்டிவிடும் என்றால், மனித முகம் அதற்கு எம்மாத்திரம் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கறுப்பாக இருப்பதால் இதைக் கருங்கரடி என்று எண்ணிக்கொண்டு, அமெரிக்கக் கருங்கரடிக்குச் சொல்லப்பட்ட யோசனைகளைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு வருகிறார்கள் சிலர். கைகளைத் தூக்கி உருவத்தைப் பெரிதாகக் காட்டு, மேலே விழுந்தால் மூக்கிலேயே குத்து என்பதெல்லாம் அந்தக் கரடிக்குச் சொன்னது. அது பயந்தால் மரத்தில் ஏறி ஒளிந்துகொள்ளும் பிராணி. வடஅமெரிக்கக் காட்டில் அதற்கு அந்த வழி இருந்தது. தேன்கரடியோ புலியோடும் சிறுத்தையோடும் ஒரே காட்டில் வாழ்ந்து வந்த இனம். மரத்தில் ஏறினால் சிறுத்தையும் ஏறும். திறந்த புதர்க்காட்டில் ஓடினால் புலி பிடித்துவிடும். அதனால் பின்னங்காலில் எழுந்து, கத்தி, முகத்தில் நகம் போட்டுப் பிழைக்கப் பழகிவிட்டது என்பது ஆய்வாளர்கள் கருத்து. திடுக்கிட்ட தேன்கரடி முதலில் பாயும், அப்புறம்தான் ஓடும். இந்த ஒரு வரியை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்ற எல்லாமே தானாக விளங்கும்.

நம்மைத் தின்பதற்கு அது வருவதில்லை. அதன் சாப்பாடு கரையான், எறும்பு, தேன், பழம். மேல்தாடையின் நடுவில் இரண்டு முன்பற்கள் கிடையாது. அந்த இடைவெளியில் உதட்டைக் குவித்துப் புற்றுக்குள்ளிருந்து கரையானை உறிஞ்சி எடுக்கும். சங்கப் பாடல்களில் எண்கு என்ற பெயரில் வருவது இதுதான். புற்றைத் தோண்டுவதையும் இலுப்பைப் பூவை மேய்வதையும் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே நம்மவர்கள் கவனித்து எழுதிவைத்திருக்கிறார்கள்.

இப்போது ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். கரடி தலையைப் புற்றுக்குள் நுழைத்திருக்கிறது. உறிஞ்சுகிற சத்தம் நூறு மீட்டர் தாண்டியும் கேட்கும், அதன் காதை அந்தச் சத்தமே நிறைத்துவிடும். கண்பார்வை மங்கல். மோப்பம் மட்டும் கூர்மை, ஆனால் மூக்குப் புற்றுக்குள் இருக்கிறது, காற்றும் எதிர்ப்பக்கம் அடிக்கிறது. நீங்கள் ஓசையில்லாமல் பத்தடி தூரத்தில் வந்து நிற்கிறீர்கள். தலையைத் தூக்குகிறது. அதன் கண்ணுக்கு நீங்கள் ஒரு பெரிய நிழல். புலியா, மனிதனா என்று யோசிக்க அதற்கு நேரமில்லை. காயம்பட்டவர்களிடம் விசாரித்தால் பெரும்பாலும் இதே கதைதான்: தனியாகப் போனார், சத்தமில்லாமல் போனார், விறகுக்கோ மாட்டைத் தேடியோ காலைக்கடனுக்கோ புதருக்குள் நுழைந்தார்.

எங்கள் தலைமுறைக்கு இன்னொரு சிக்கல் உண்டு. சிறுவயதில் தெருவுக்குக் கரடிக்காரர் வருவார். மூக்கில் கயிறு கோத்த கரடி உடுக்கைச் சத்தத்துக்கு ஆடும். பயந்த குழந்தையை அதன் முதுகில் ஏற்றி உட்காரவைப்பார்கள், கரடி முடியைத் தாயத்தில் அடைத்துக் கட்டுவார்கள். என்னையும் ஏற்றியிருக்கிறார்கள். அந்தக் கரடியின் பல்லைப் பிடுங்கிவிட்டு, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் மூக்கில் துளையிட்டு அப்படி ஆக்கினார்கள் என்பது பிற்பாடு தெரிந்தபோது மனம் ஆறவில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்தத் தொழிலைக் குற்றமாக்கியது. ஆனாலும் கடைசி ஆட்டக் கரடி மீட்கப்பட்டது 2009இல்தான். அந்த நாட்களில் கண்ட சாதுவான கரடியின் நினைவு இன்னும் பலருக்கு இருக்கிறது. மலையில் நடமாடுவது அது அல்ல.

கிளம்புமுன்

பருவத்தைப் பாருங்கள். பங்குனி, சித்திரையில் இலுப்பைப் பூ உதிரும். கொன்றைக் காய் முற்றும். வைகாசியில் பலா, ஈச்சம்பழம். ஆனி, ஆடியில் நாவல். உண்ணிச்செடியின் கறுத்த பழம் கிட்டத்தட்ட ஆண்டு முழுவதும். இந்த மரங்களின் அடியில், குறிப்பாக விடியலிலும் அந்தியிலும், கரடி இருக்கக்கூடும் என்று வைத்துக்கொண்டே போகவேண்டும். மலைப்பாதையில் நாவல்பழம் கொட்டிக் கிடந்தால் குழந்தைகள் ஓடிப் பொறுக்கப் பார்ப்பார்கள். கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

குட்டி விஷயம் முக்கியம். தேன்கரடி பெரும்பாலும் குளிர்காலத்தில் பாறைக் குகையில் ஒன்றோ இரண்டோ குட்டி போடும். இரண்டு மாதம் போல உள்ளேயே வைத்திருந்துவிட்டு, பிறகு முதுகில் ஏற்றிக்கொண்டு வெளியே வரும். ஆறேழு மாதம், சிலசமயம் அதற்கு மேலும், குட்டி தாயின் முதுகு முடியைப் பற்றிக்கொண்டே சவாரி செய்யும். கணக்குப் போட்டால் நாம் மலையேறுகிற கோடையும் ஆடியும் புரட்டாசியும் இதற்குள் அடங்கிவிடும். ஆகவே பாறை இடுக்கிலும் குகை வாயிலும் ‘உள்ளே என்ன இருக்கிறது’ என்று எட்டிப் பார்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள். மழைக்கு ஒதுங்குவதாக இருந்தாலும் முதலில் வெளியே நின்று உரக்கப் பேசிவிட்டுப் பொறுத்துப் பாருங்கள்.

அனுமதி இல்லாத காட்டுக்குள் நுழைவது சட்டப்படி குற்றம். எந்தப் பாதை திறந்திருக்கிறது, சமீபத்தில் கரடி நடமாட்டம் உண்டா என்று அந்தப் பகுதி வனச்சரக அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வனக்காப்பாளரும் வேட்டைத் தடுப்புக் காவலரும் நேற்று எந்த ஓடையில் கரடி இறங்கியது என்பதுவரை சொல்வார்கள். அலுவலகம் பூட்டியிருந்தால் டீக்கடையில் கேளுங்கள்.

நாயைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். துணைக்கு ஆகும் என்று நினைக்கிறோம். அது கரடியைக் கண்டால் குரைத்துச் சீண்டிவிட்டு, துரத்தத் தொடங்கியதும் நேராக நம் காலடிக்கு ஓடிவரும். பின்னாலேயே கரடியும்.

பாதையில்

சில ஆண்டுகளுக்கு முன் ஜவ்வாது மலையில் ஒரு பெரியவர் எங்களுக்கு வழிகாட்டியாக வந்தார். மலையாளிப் பழங்குடி இனத்தவர், அறுபதைத் தாண்டியவர். பத்துப் பதினைந்து அடிக்கு ஒருதரம் ‘ஓ…ய்’ என்று ஒரு குரல் கொடுப்பார். யாரைக் கூப்பிடுகிறீர்கள் ஐயா என்று கேட்டதற்கு, “யாரையும் கூப்பிடலீங்க. வர்றேன்னு சொல்றேன்” என்றார். கரடி உள்ள மலையில் நடப்பதற்கு இதைவிடச் சிறந்த பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.

குரல் எங்கே அவசியம் என்று தெரிந்துகொள்ளுங்கள். நேரான, திறந்த பாதையில் சாதாரணப் பேச்சே போதும். பாதை வளையும் இடம், புதர் இருபுறமும் நெருங்கும் இடம், பாறை முனை, ஓடைக்கு இறங்கும் சரிவு, எதிர்க்காற்று அடிக்கும் நேரம் ஆகிய சமயங்களில் குரலை உயர்த்துங்கள். ஓடைச் சத்தம் நம் சத்தத்தை விழுங்கிவிடும், அங்கே கையைத் தட்டுங்கள். கோவிந்தா போடுகிற கூட்டத்துக்கு இதைச் சொல்லவே வேண்டாம். பஜனை பாடிக்கொண்டு போகிற குழுவைவிடப் பாதுகாப்பான குழு மலையில் வேறு இல்லை. ஆபத்து எப்போது வருகிறது என்றால், மூச்சு வாங்கிக் கூட்டம் மௌனமாகிற ஏற்றத்தில், அல்லது வேகமாக நடக்கிற இரண்டு இளைஞர்கள் கூட்டத்தை விட்டு அரைக் கிலோமீட்டர் முன்னே போய்விடுகிறபோது.

காதில் எதையும் செருகாதீர்கள். உறிஞ்சுகிற சத்தமோ, புஸ்ஸென்று மூச்சு விடுகிற சத்தமோ, சருகைக் கிளறுகிற சத்தமோ கேட்டால் நின்றுவிட வேண்டும். தரையையும் பாருங்கள். ஈரமண்ணில் குழந்தையின் பாதம் போன்ற தடமும் அதற்கு முன்னால் தள்ளி நகக்கோடுகளும் தெரிந்தால் அது கரடித் தடம். புதிதாகத் தோண்டிய புற்று, கிளறிய மண் இன்னும் உலராமல் இருந்தால், கரடி அருகில் இருக்கிறது. கொட்டையும் எறும்பும் கலந்த சாணம், மரப்பட்டையில் நீளவாக்கில் கீறல் ஆகியவையும் அடையாளங்கள்.

கையில் ஆள் உயரத்துக்கு ஒரு கழி இருக்கட்டும். அதன் முதல் வேலை அடிப்பது அல்ல. புதரைத் தட்டுவதற்கும், கல்லில் ஊன்றி ஓசை எழுப்புவதற்கும். இரவில் நல்ல வெளிச்சமுள்ள டார்ச். கைப்பேசி விளக்கு போதாது.

சிறுநீர் கழிக்கப் புதருக்குள் தனியே போவது பற்றிக் கூச்சப்படாமல் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் நிறையக் காயங்கள் அங்கேதான் நேர்கின்றன. பெண்கள் கூச்சத்தால் இன்னும் உள்ளே தள்ளிப் போவார்கள். இருவராகப் போங்கள். ஒருவர் பாதையிலேயே நின்று பேசிக்கொண்டிருக்கட்டும். உட்காருமுன் அந்தப் புதரைக் கழியால் தட்டிப் பாருங்கள்.

சாப்பாட்டு வாசனை அடுத்தது. வெல்லம், தேன், வேர்க்கடலை, நெய், பழம் எல்லாம் கரடிக்கு எட்டுகிற வாசனைகள். புளியோதரைப் பொட்டலத்தின் எச்சிலையைப் பாதையோரம் எறிந்துவிட்டு நாம் போய்விடுவோம். அந்த இடத்துக்கு வரப் பழகுகிற கரடியைச் சந்திக்கப் போகிறவர் அடுத்த வாரம் வருகிற இன்னொரு பக்தர். நீலகிரியில் இந்தப் பழக்கம் முற்றிவிட்டது. ‘சிவபூசையில் கரடி’ என்ற பழமொழியில் வருவது கரடி என்ற வாத்தியம் என்று சொல்வாருண்டு. ஆனால் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் இரவில் கரடி கோயில் கதவை உடைத்து உள்ளே போய் விளக்கெண்ணெயைக் குடித்துவிட்டுப் போவது நிஜமாகவே அடிக்கடி நடக்கிறது. சத்துணவுக் கூடத்திலும் ரேஷன் கடையிலும் புகுந்து எண்ணெய், சர்க்கரை தேடுகிறது. மலைக்கோயில்களுக்குப் போகிறவர்கள் எண்ணெய்ப் புட்டியை, பொரிகடலைப் பையை அங்கேயே விட்டுவிட்டு வராதீர்கள். அகலில் தேவையான அளவு ஊற்றி ஏற்றிவிட்டு மீதியைத் திருப்பி எடுத்துவாருங்கள். சுவாமிக்குக் குறை ஒன்றும் இல்லை.

எதிரில் வந்துவிட்டால்

பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் படித்த கதை ஒன்று உண்டு. இரண்டு நண்பர்கள் காட்டில் போகிறார்கள், கரடி வருகிறது. ஒருவன் மரத்தில் ஏறிக்கொள்கிறான். மற்றவன் மூச்சை அடக்கிப் பிணம்போலக் கிடக்கிறான். கரடி முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. நம்மில் பலருக்குக் கரடியைப் பற்றித் தெரிந்த ஒரே பாடம் இதுதான் என்பதால் இதிலிருந்தே தொடங்கலாம்.

மரத்தில் ஏறியவன் பிழைத்தது அதிர்ஷ்டம். தேன்கூட்டுக்காக உயர்ந்த மரத்தில் ஏறுகிற பிராணி இது. ஓடினாலும் பயனில்லை, மனிதனைவிட வேகமாக ஓடும். இறக்கத்தில் ஓடினால் முடி கண்ணை மறைத்துவிடும் என்று சொல்வதும் உண்மையில்லை. பிணம்போலக் கிடந்தவன் பாதி சரி. மல்லாந்து கிடந்திருந்தால் தவறு, கரடி தூரத்தில் இருக்கும்போதே படுத்திருந்தாலும் தவறு. எப்போது, எப்படிப் படுப்பது என்பதைக் கீழே சொல்கிறேன். அந்தக் கதை முழுக்கச் சரியாகச் சொன்ன விஷயம் ஒன்றுண்டு: கூட வந்தவனை விட்டுவிட்டு ஓடக்கூடாது.

கரடி தொலைவில் இருக்கிறது, உங்களைப் பார்க்கவில்லை என்றால், வந்த வழியே ஓசைப்படாமல் திரும்புங்கள். இந்த ஒரு சந்தர்ப்பத்தில் மட்டும் மௌனம் நல்லது. வேறு பாதை இருந்தால் சுற்றிப் போங்கள், இல்லையென்றால் அரைமணி காத்திருங்கள். படம் எடுக்க நெருங்காதீர்கள்.

பார்த்துவிட்டது என்றால், நில்லுங்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொள்ளுங்கள் அல்லது நடுவில் வையுங்கள். எல்லோரும் தோளோடு தோள் நெருங்கி நிற்கவேண்டும். தாழ்ந்த குரலில், சீராக, ஏதாவது பேசுங்கள். நீங்கள் மனிதர் என்று அதற்குத் தெரியவேண்டும். பின்னங்காலில் எழுந்து நின்றால் உடனே தாக்கப்போகிறது என்று பொருளில்லை. பார்வை போதாததால் எழுந்து மோப்பம் பிடித்துப் பார்க்கிறது. முதுகைக் காட்டாமல் ஒவ்வோர் அடியாகப் பின்வாங்குங்கள். அது போவதற்கு ஒரு வழி விட்டு விலகுங்கள். ஒருபுறம் பாறை, மறுபுறம் நீங்கள் என்று அதை அடைத்துவிடக் கூடாது. கல் எறியவே எறியாதீர்கள். விலக இருந்த கரடியைத் திருப்பிக் கூப்பிடுவது அது.

குட்டியை மட்டும் பார்த்தால், தாய் எங்கே என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள். தாய் இருக்கிறது. வந்த வழியே பின்வாங்குங்கள்.

சீறிக்கொண்டு ஓடிவந்தால், பலசமயம் சில அடிகளுக்கு முன்னால் நின்றுவிட்டுத் திரும்பிவிடும். அந்த இரண்டு நொடியும் நின்ற இடத்தில் நிற்பது எழுதுவதுபோல எளிதல்ல என்று தெரியும். முடிந்தால் கழியை உங்களுக்கும் அதற்கும் நடுவில் நீட்டிப் பிடியுங்கள். கூட்டமாக இருந்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துங்கள்.

மேலே விழுந்தேவிட்டது, இனித் தப்ப வழியில்லை என்றால், அப்போதுதான் கீழே விழவேண்டும். குப்புற. முகம் மண்ணில். இரண்டு கைவிரல்களையும் பிடரியில் கோத்துக்கொண்டு, முழங்கைகளால் காதையும் கன்னத்தையும் மூடிக்கொள்ளுங்கள். முதுகுப்பை இருந்தால் கழற்றாதீர்கள், அது கவசம். புரட்டப் பார்த்தால் மறுபடியும் குப்புறவே திரும்புங்கள். தேன்கரடி குறிவைப்பது முகத்தையும் தலையையும். உயிர் போகாத கரடித் தாக்குதலிலும் கண், மூக்கு, தாடை போய்விடுவது இதனால்தான். கை கிழிந்தால் தைத்துவிடலாம், முகத்தைக் காப்பாற்றுங்கள். தனியாக இருப்பவர் அதனோடு மல்லுக்கு நின்றால் அது இன்னும் நேரம் எடுத்துக் கடிக்கும். அசையாமல் கிடந்தால் பயம் தீர்ந்ததும் போய்விடுகிறது. போனதும் உடனே எழுந்துவிடாதீர்கள். சத்தம் முற்றாக அடங்கும்வரை கிடக்கவேண்டும்.

கூட இருக்கிறவர்கள் என்ன செய்வது? இதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு கசப்பான பாடம் இருக்கிறது. 2022 நவம்பரில் தென்காசி மாவட்டம் கடையம் அருகே, இருசக்கர வாகனத்தில் போன வியாபாரி ஒருவரைக் கரடி கீழே தள்ளிக் கடித்தது. உதவிக்கு ஓடிவந்தவர்களில் இருவரையும் தாக்கியது. மூன்று பேருக்கும் படுகாயம். வெறுங்கையோடு ஒருவர்பின் ஒருவராகப் பக்கத்தில் போனால் காயம்படுவோர் எண்ணிக்கைதான் கூடும். நாலைந்து பேர் ஒன்றாகச் சேர்ந்து, கழியைத் தரையில் அடித்து, தகரமோ பாத்திரமோ கிடைத்ததைத் தட்டி, ஒரே பக்கத்திலிருந்து நெருங்குங்கள். கரடி ஓடுவதற்கு மறுபக்கம் திறந்திருக்க வேண்டும். வண்டி இருந்தால் அதற்குள் உட்கார்ந்து ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டே நெருங்கலாம்.

காயம்பட்டால்

முதலில் இரத்தம். சுத்தமான வேட்டியோ துண்டோ மடித்துக் காயத்தின்மேல் வைத்து அழுத்திப் பிடியுங்கள். அடிக்கடி எடுத்துப் பார்க்காதீர்கள். தலைத்தோல் கிழிந்து தொங்கினால் அறுத்து எறியக்கூடாது. அதை இருந்த இடத்தில் மெல்லப் பொருத்தி, மேலே துணி வைத்து அழுத்திக் கட்டுங்கள், மருத்துவர் தைத்துவிடுவார். கண்ணில் காயம் என்றால் அழுத்தவே கூடாது, லேசாக மூடினால் போதும். முகத்தில் அடிபட்டவரை மல்லாத்திப் படுக்கவைத்தால் இரத்தம் தொண்டைக்குள் போய் மூச்சு அடைக்கும். நினைவிருந்தால் முன்பக்கம் சாய்ந்து உட்காரவையுங்கள், இல்லையென்றால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம்.

108ஐ அழையுங்கள். மலையில் வண்டி வரும் இடம்வரை தூளி கட்டித் தூக்கிவர வேண்டியிருக்கும். இரத்தப்போக்கு அதிகம் இல்லாத கீறலாக இருந்தால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவுங்கள். சின்னக் கீறல்தானே என்று விட்டுவிடுகிறவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்: தோலைக் கிழித்த காட்டு விலங்குக் கடியும் கீறலும் வெறிநோய் விஷயத்தில் மிகக் கடுமையான வகையில் சேர்க்கப்படுகின்றன. தடுப்பூசியோடு, காயத்தைச் சுற்றிப் போடுகிற எதிர்ப்புப் புரத ஊசியும் வேண்டும். டெட்டனஸ் ஊசியும் வேண்டும். அன்றைக்கே முதல் ஊசி, பிறகு அட்டையில் எழுதித் தருகிற தேதிகளில் ஒன்றையும் விடாமல் போட்டுக்கொள்ள வேண்டும். ஊருக்கு வந்தபின் காஞ்சிபுரம் அரசு மருத்துவமனையில் தொடரலாம்.

வனத்துறைக்குத் தகவல் சொல்லி, மருத்துவமனைச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். காயத்துக்கும் உயிரிழப்புக்கும் அரசு இழப்பீடு உண்டு. அதற்கு இந்தத் தாள்கள் கேட்கப்படும்.

திருமலைக்கு நடக்கிறவர்களுக்கு

நம் ஊர்க்காரர்கள் ஆண்டுதோறும் நடந்துபோகிற கரடிக் காடு இது என்பதால் தனியாகச் சொல்கிறேன். திருமலைக்கு ஏறும் அலிபிரிப் பாதை ஏறத்தாழ 9 கிலோமீட்டர், 3,550 படி. 2023 ஆகஸ்டில் பெற்றோருக்குச் சற்று முன்னே நடந்து போன 6 வயதுக் குழந்தையை இந்தப் பாதையில் சிறுத்தை தூக்கிச் சென்று கொன்றது. அதன்பின் வைத்த கேமராக்களில் பாதையோரம் சிறுத்தைகளோடு கரடியும் பதிவானது. திருமலை தேவஸ்தானம் அந்தச் செப்டம்பரில் நடைபயணிகளுக்குக் கைத்தடி கொடுக்கத் தொடங்கியது. 15 வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பிற்பகல் 2 மணிக்குமேல் நடைபாதையில் விடுவதில்லை என்றும் அறிவித்தது. நேரக் கட்டுப்பாடுகள் மாறக்கூடியவை. கிளம்பும் வாரத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

படியில் இருக்கும்வரை கூட்டமே காவல். ஆபத்து படியை விட்டு இறங்குவதில் இருக்கிறது. குறுக்குவழி, மரத்தடி ஓய்வு, குழந்தை துரத்துகிற பட்டாம்பூச்சி. வழியில் மானுக்குப் பழமும் பிஸ்கட்டும் போடாதீர்கள். மான் கூடினால் சிறுத்தை வரும், பழம் கிடந்தால் கரடி வரும். குழந்தையைக் கைப்பிடியில் வைத்துக்கொண்டு நடங்கள். ‘முன்னாடி போய் நில்லு, வர்றேன்’ என்று சொல்லாதீர்கள்.

இமயமலை யாத்திரை போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கேதார்நாத், பத்ரிநாத் பக்கமும் காஷ்மீரிலும் பெரும்பாலும் இருப்பது இமயமலைக் கருங்கரடி. அதுவும் மனிதரைத் தாக்கக்கூடியது. மேலே சொன்ன எச்சரிக்கைகள் அங்கேயும் பொருந்தும். அமெரிக்காவில் பிள்ளைகள் வீட்டுக்குப் போகிற பெற்றோர் அந்த நாட்டுப் பூங்கா ஊழியர்கள் சொல்வதையே கேளுங்கள். அங்கே கூடாரத்தில் ஊறுகாய்ப் புட்டியைக்கூட வைத்துக்கொள்ள விடமாட்டார்கள், அதற்குக் காரணம் இருக்கிறது.

கடையத்தில் மூன்று பேரைக் கடித்த கரடியை மயக்க ஊசி போட்டுப் பிடித்துக் களக்காட்டுக் காட்டில் விட்டார்கள். அது பிழைக்கவில்லை. மனிதரும் கரடியும் திடீரென்று முட்டிக்கொண்டால் இரு பக்கமும் சேதம்தான். நாம் குரல் கொடுத்து நடப்பது அதையும் காப்பாற்றுகிறது.

இந்தப் புரட்டாசியில் நடைப்பயணக் குழுவை அழைத்துப் போகிற பெரியவர்களே, அலிபிரியில் முதல் படியில் கால் வைக்குமுன் குழுவில் எத்தனை தலை என்று எண்ணிக்கொள்ளுங்கள். விவரம் தெரிந்த ஒருவரை முன்னாலும் ஒருவரைக் கடைசியிலும் நிறுத்துங்கள், குழந்தைகள் நடுவில். வழியில் காலிகோபுரத்தில் ஒருதரம் எண்ணுங்கள். மேலே போனதும் மறுபடி எண்ணுங்கள்.